மாதோட்டத்துப் பதிகமும் மாணவர் எழுதும் நயமும்

கவிதை நயம் எழுதச் சொன்னால் நம் மாணவர் பெரும்பாலும் ‘சொல்லாட்சி சிறப்பு’, ‘ஓசை இனிமை’, ‘உவமை அழகு’ என்றே எழுதுகிறார்கள். எந்தப் பாட்டுக்கும் ஒட்டவைக்கக்கூடிய வாக்கியங்கள் இவை. குறை மாணவரிடம் இல்லை. பாடுபொருளை ஒரு பந்தியிலும் உத்திகளை மறு பந்தியிலும் எழுதப் பழக்கியவர்கள் நாம்தான். கருத்து உத்தியின் வழியாகவே பிறக்கிறது என்று வகுப்பில் காட்டவேண்டும்.

மன்னாரில் அதைக் காட்டத் திருக்கேதீச்சரப் பதிகங்களே போதும். சம்பந்தரும் சுந்தரரும் ஆளுக்கொரு பதிகம் பாடியிருக்கிறார்கள். சுந்தரரின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம். இடங்களில் முதலாவதாக மரக்கலங்கள் நிறைந்த கடலையுடைய மாதோட்ட நகர் வருகிறது, பிறகு பாலாவித் தீர்த்தத்தின் கரை, ஈற்றில்தான் கேதீச்சரத்தான். அடுத்த பாடலில் வண்டுகள் யாழிசைக்கும் நகர், அலையெறியும் பாலாவி, ஈற்றில் மீண்டும் கேதீச்சரத்தான். கடல்வழி வந்து கரையேறுபவன் காணும் ஒழுங்கு இது. இருவரும் இராமேச்சரத்தில் இருந்தபடியே இத்தலத்தைப் பாடினர் என்கிறது பெரியபுராணம். அதை மனத்திற்கொண்டு படித்தால் இந்த வரிசையின் அருமை புரியும்: கால் போகாத இடத்துக்குப் பாட்டு போகிறது.

இப்போது பதிகத்தின் கடைசிப் பாடலுக்கு வாருங்கள். இந்தத் தமிழ்ப் பத்தையும் சொல்பவரைக் கொடுவினை சேராது என்கிறார் சுந்தரர். சம்பந்தரோ தம் முதற்பாடலிலேயே, கேதீச்சரத்தைக் கைதொழுதால் கடுவினை அடையாது என்றுவிடுகிறார். அவருக்குத் தொழுகை முன்னிற்கிறது, சுந்தரருக்குச் சொல். பாடலுக்குப் பாடல் நம்மைக் கோயில்வரை கூட்டிச்சென்றவருக்கு, பாடினாலே போதும் என்று முடிக்க உரிமை உண்டு. ‘சிவன் பெருமை’ என்பது இரு பதிகங்களுக்கும் பொதுவான பாடுபொருள். அதற்குள் இவர் சொன்னதையும் அவர் சொன்னதையும் பிரித்தறிவதே கருத்தைக் காண்பது. அதற்குச் சான்று சொற்கள் நிற்கும் வரிசையில் இருக்கிறது.

இப்படிப் படிப்பது புதிதல்ல. தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்ன 34 உறுப்புகளில் நோக்கும் ஒன்று. உரையாசிரியரான பேராசிரியர் அதை விளக்க அகநானூற்று 4ஆம் பாடலை எடுத்து, ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏன் வந்தது என்று தொடர்ந்து காட்டுகிறார். ஆசிரியர் எவரும் வகுப்புக்கு முன் ஒருமுறை படிக்கவேண்டிய உரை அது.

மாதோட்டமாகிய மாந்தையின் அகழ்வாய்வுகளில் பழந்துறைமுகத்தின் தடயங்கள் கிடைத்திருப்பதால், மாணவர் மரக்கலங்களைப் பற்றிய வரலாற்றுக்குள் போய்விடுவதுண்டு. அதை ஒரு வரியில் முடித்துப் பாட்டுக்குத் திரும்பச் சொல்லவேண்டும்.

கூத்துக்கும் இதே முறை பொருந்தும். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரண்டு உண்டு. புனிதரின் கதை பாங்கு மாறும்போது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டால், அண்ணாவியார் வீட்டுப் பிள்ளை முதலில் கை உயர்த்தும்.

மன்னார் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் இவ்விரு பதிகங்களையும் அருகருகே வைத்து, அணிகளின் பெயர் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூற்றின் கீழும் அதற்கு ஆதாரமான சொல்லை மாணவர் கோடிட்டுக் காட்டட்டும். புள்ளி அந்தச் சொல்லுக்கே போகட்டும்.