களம் யாருடையது? தொண்டை மண்டலக் கூத்தும் விலக்கப்பட்ட குரல்களும்

கனகம்மாசத்திரம், திருத்தணி வட்டாரத்தில் ஊரே கூடிக் கதை கேட்கும் இடம் திரௌபதி அம்மன் கோயிலின் பாரதக் களம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார். இரவில் கூத்து நடக்கும். துரியோதனன் வீழும் படுகளச் சடங்கோடும் தீமிதியோடும் விழா நிறைவுறும். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நிர்வாக எல்லை மாறியது. இந்த மரபு மாறவில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கோயில்களிலும் பகலில் அரிகதையும் இரவில் நாடகமும் தெலுங்கில் நடக்கின்றன. மொழி எல்லையைக் கடந்த இக்களம் சாதி எல்லையைக் கடக்கவில்லை.

கூத்தர்களில் பலர் ஊரின் அடித்தட்டுச் சாதியினர். ‘கூத்தாடி’ என்ற சொல்லே வசையாகிப்போனது. எந்தக் கதை, எந்த இரவு, யாருக்கு முதல் மரியாதை என்பவற்றை முடிவு செய்வோர் விழாவை நடத்துவோர். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் செல்ல விடாமல் தடுக்கப்பட்டனர். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தனர். கோயில் வாசலே அடைபட்ட ஊரில் கதைக்களம் மட்டும் பொதுவாக இருந்திருக்க வழியில்லை.

கதைக்குள் நடக்கும் விலக்கு இன்னும் நுட்பமானது. நாட்டார் தெய்வமான மதுரை வீரனை வளர்த்தவர்கள் சக்கிலியர் குடும்பத்தார். ஆனால் பரவலாக வழங்கும் கதையில் அவன் பிறப்பு காசி அரண்மனையில். 1956-இல் வந்த திரைப்படமும் அப்படியே சொன்னது. கதைப்பாடல் நாயகனான பார்ப்பனன் முத்துப்பட்டன் மணந்த சக்கிலியப் பெண்களுக்கும் பார்ப்பனப் பிறப்பு பின்னாளில் ஒட்டப்பட்டது என்று நாட்டாரியல் ஆய்வாளர் நா. வானமாமலை வாதிட்டார். கர்ண மோட்சக் கூத்தைப் பார்த்து அழும் கூட்டமும் ஒன்றை முன்பே அறிந்திருக்கிறது: தேரோட்டி மகன் என்று இகழப்படுபவன் குந்தியின் மகன். இழிவுக்கு இரங்கும் கண்ணீரில் பாதி, தவறான ஆள் இழிவுபட்டான் என்பதற்காகச் சிந்தப்படுவது. கடுமையான முடிவுதான், ஆனால் மூன்று கதைகளும் ஒரே அச்சில் வார்த்தவை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாய்மொழிக் கதைகளும் இப்படி உரியவர் கையைவிட்டுப் போயின. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளையர் 1880-இல் வெளியிட்ட ‘அங்கிள் ரீமஸ்’ நூலில் முன்னாள் அடிமை ஒருவர் வெள்ளைச் சிறுவனுக்குக் கதை சொல்கிறார். கதைகள் கறுப்பர்களுடையவை, அவற்றைக் கேட்கும் காது, தொகுத்த கை, விற்ற சந்தை ஆகியவை வேறு. கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் தாம் வளர்ந்த ஈட்டன்வில்லுக்கே திரும்பிச் சென்று திரட்டியவற்றை 1935-இல் ‘மியூல்ஸ் அண்ட் மென்’ நூலாக வெளியிட்டார். அதில் திண்ணையில் அமர்ந்து ஒருவரையொருவர் மிஞ்சக் கதை அளப்பவர்களும் கேட்பவர்களும் அவ்வூர்க் கறுப்பர்களே. தமிழில் தலித் எழுத்தாளர் பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாற்றைச் சேரிப் பேச்சிலேயே எழுதி, கதையை உரியவர்களிடமே கொண்டுவரும் இத்தகைய திருப்பத்தைச் செய்தது.

கூத்தில் அத்திருப்பம் பயிற்சியிலிருந்து தொடங்க முடியும். காஞ்சிபுரத்தில் 1990-இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், பின்னர் நடத்திய குருகுலத்தில் சிறுமியரையும் சேர்த்தது. ஆண்களே பெண்வேடம் கட்டிய மரபில் பெண்கள் முடி தரித்து ஆடினர். வேடம் கட்டுவோர் மாறியதற்குக் காரணம் கற்பிக்கும் இடம் மாறியதே. சாதி விஷயத்தில் இன்னும் ஒரு படி தேவை: பாட்டு நோட்டை எழுதும் வாத்தியார் இடமும், கதையைத் தேர்ந்தெடுக்கும் விழாக் குழு இடமும் தலித் குடியிருப்பான காலனியின் மக்களுக்கு வேண்டும். அருந்ததியர் வீட்டுத் தெலுங்கும் இருளரின் கன்னிமார் பாட்டும் மேடையேறக் கூத்தின் இலக்கணம் தடையில்லை. நடப்புச் செய்தி பேசவும் அரசனையே கேலி செய்யவும் கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு அந்த இலக்கணம் ஏற்கெனவே உரிமை தந்திருக்கிறது.