சிவிங்கி தேடும் மரம்

ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் 1765-ம் வருஷத்தை ஒட்டித் தீட்டிய ஒரு படத்தின் பிரதி என் மேஜைமேல் இருக்கிறது. தலைப்பாகை கட்டிய இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவிங்கியைப் பிடித்திருக்கிறார். மற்றவர் அதற்கு மானைச் சுட்டிக் காட்டுகிறார்.

சிவிங்கி என்றால் சிறுத்தைதானே என்று நேயர்கள் கேட்கலாம். அல்ல. சிறுத்தையின் உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளி இருக்கும். சிவிங்கிக்கோ மைப்பொட்டு வைத்தாற்போல் முழுப் புள்ளி. கண்ணிலிருந்து வாய்வரை ஒரு கறுப்புக் கோடு, அழுது மை கரைந்தாற்போல.

படத்திலுள்ள சிவிங்கியை இங்கிலாந்துக்குக் கொண்டு போனவர் நம் சென்னையில் கவர்னராக இருந்த பிகட் துரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அது காணிக்கை. 1764-ல் விண்ட்ஸரில் ஒரு கலைமானின்மேல் அதை ஏவினார்கள். மான் எதிர்த்து நிற்கவே, சிவிங்கி பின்வாங்கிவிட்டது! மன்னர், கவர்னர், ஓவியர் எல்லோரும் சரித்திரத்தில் இடம் பிடித்தார்கள். பழக்கியவர்களையோ படத்தின் தலைப்பு 'இரண்டு இந்தியர்கள்' என்று சொல்லி விட்டுவிட்டது.

அவர்களுடைய தொழிலைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். சிவிங்கி குறிப்பிட்ட சில மரங்களைத் தேடி வந்து, நகத்தால் கீறி, சிறுநீர் தெளித்து அடையாளம் வைக்கும். பிடிக்கிறவர்கள் அந்த மரத்தடியில் சுருக்கு வைப்பார்கள். குட்டியைப் பிடித்துப் பயனில்லை. தாயிடம் பாடம் கேளாத குட்டிக்கு வேட்டை வராது. அடைபட்ட இடத்தில் சிவிங்கி குட்டி போடுவதும் மிக அபூர்வம். ஒரு முறை போட்டதை ஜஹாங்கீர் அதிசயமென்று எழுதி வைத்தார். ஆகவே அரசர் கொட்டிலில் ஒன்று கூடினால் காட்டில் ஒன்று குறைந்தது. 20-ம் நூற்றாண்டில் கோலாப்பூர், பவநகர் சமஸ்தானங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கி தருவிக்க நேர்ந்தது. 1947-ல் கொரியா சமஸ்தானத்தில் மூன்றைச் சுட்டு வீழ்த்தினார்கள். 1952-ல் இந்தியாவில் இந்த இனம் அற்றுப்போனதாகச் சர்க்கார் அறிவித்தது. பழக்கியவர்களுக்குச் சிவிங்கியிடம் அன்பில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அன்பின் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

இனி நமீபியாவுக்குப் போவோம். அங்கே பண்ணைக்காரர்கள், கன்றைத் தின்கிறதென்று, அதே மாதிரி மரங்களின் அடியில் கூண்டு வைத்துச் சிவிங்கிகளைப் பிடித்துக் கொன்றுவந்தார்கள். 1990-ல் லாரி மார்க்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி சிவிங்கிப் பாதுகாப்பு நிதியம் ஒன்றைத் தொடங்கி, பிறகு அங்கே குடியேறினார். பண்ணைக்காரர்களிடம் அவர் சண்டைக்குப் போகவில்லை. குறை கேட்கப் போனார். 1994 முதல், மந்தை காக்கும் அனடோலிய நாய்களை வளர்த்துக் கொடுத்தார். நாய் குரைத்தால் சிவிங்கி விலகிப் போய்விடும்; ஆடும் பிழைத்தது, சிவிங்கியும் பிழைத்தது.

மரத்தின் கதை அதோடு முடியவில்லை. பெர்லின் லைப்னிட்ஸ் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சிவிங்கிகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டி, பல வருஷங்கள் பின்தொடர்ந்தார்கள். ஊர்ச் சாவடிக்கு ஆட்கள் கூடுவதுபோல, இம்மரங்கள் உள்ள இடங்களில்தான் சிவிங்கிகள் கூடுகின்றன என்று கண்டார்கள். "கன்றுகளை அவ்விடத்திலிருந்து தள்ளி மேயவிடுங்கள்" என்றார்கள். கன்றுகளைத் தேடிச் சிவிங்கிகள் பின்னால் போகவில்லை. சேதம் 86 சதவிகிதம் குறைந்ததாக 2020-ல் எழுதினார்கள். இருநூறு வருஷங்களுக்கு முன் நம்மவர்கள் சுருக்கு வைக்க அறிந்திருந்த அதே ரகசியந்தான்! அறிவு ஒன்றே, அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் வந்து இறங்கின. அடுத்த பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. சில மாண்டன, குட்டிகளும் பிறந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து இரவு பகலாக நடக்கிற காவலர்கள் இருக்கிறார்கள். சிவிங்கிகளின் பெயர்களைப் பத்திரிகைகள் அச்சிட்டன. காவலர்களின் பெயர்களைத் தேடினேன்; அகப்படவில்லை.

மேஜைமேல் உள்ள படத்தை மறுபடியும் பார்க்கிறேன். 'இரண்டு இந்தியர்கள்.' இந்தத் தடவையாவது நாம் பெயர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டாமா?