ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? ஒரு சொத்து ஆவணமும் நம்ம தலைக்குள்ள ஓடுற நாடகமும்

இந்த வாரம் ஒரு கொலைக் கேஸ். ஆயிரத்து ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது, இன்னும் முடியல.

நேரா சோழ நாட்டுக்குப் போகறதுக்கு முன்னாடி கிரேக்கத்துல ஒரு நிமிஷம் நிற்போம். கி.மு. 458ல ஏதென்ஸ்ல எஸ்கைலஸ் ‘ஓரஸ்டியா’ன்னு மூணு நாடகங்களை மேடை ஏத்தினார். பழைய புராணக் கதைதான். ஏட்ரியஸ், தையஸ்டிஸ்னு ரெண்டு அண்ணன் தம்பிக்குள்ள அரியணைச் சண்டை. அந்தப் பகை அடுத்த தலைமுறைக்கு இறங்குது. ஏட்ரியஸோட பையன் அகமெம்னான் டிராய் போரை ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வந்ததும், மனைவியும் பங்காளி ஏஜிஸ்தஸும் சேர்ந்து அவனைத் தீர்த்துக் கட்டுறாங்க. வெளியூர்ல வளர்ந்த மகன் ஓரஸ்டஸ், யாருன்னே காட்டிக்காம ஊருக்குள்ள வந்து பழி வாங்குறான்.

போரை ஜெயிச்ச வீரன், அரியணைக்குக் காத்திருக்கிற பங்காளி, அரண்மனைக்குள்ளயே துரோகிகள், பல வருஷம் கழிச்சு வர்ற பழி. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கில்ல? நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இது ‘பொன்னியின் செல்வன்’ வழியாத்தான் தெரியும். 1950ல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில தொடரா வந்த கதை. 1999ல நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல மேஜிக் லாண்டர்ன் குழு நாடகமா போட்டாங்க, 2014ல மியூசிக் அகாடமியில மறுபடியும். அப்புறம் 2022லயும் 2023லயும் சினிமா. என் ஆபீஸ்ல சரித்திரமே பிடிக்காதவங்ககூட லன்ச் டேபிள்ல ரவிதாசனைப் பத்திப் பேசினாங்க.

ஆனா ரவிதாசன் கல்கி கற்பனையில பிறந்தவர் இல்ல. அவர் பேர் கல்லுல இருக்கு.

சிதம்பரத்துல இருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். பக்கத்துலதான் வீராணம் ஏரி. 2004ல இருந்து சென்னைக்குக் குழாயில தண்ணி வருதே, அதே ஏரி. இதைக் கேட்கிற உங்க வீடு மயிலாப்பூரோ அடையாறோ, அந்தத் தண்ணியை நீங்க குடிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகனோட பட்டம் வீரநாராயணன், அதுல இருந்து வந்த பேர்தான் வீராணம். ஊருக்கும் அப்போ வீரநாராயண சதுர்வேதிமங்கலம்னே பேர்.

அந்த ஊர் சபைக்கு ராஜராஜன் தன்னோட இரண்டாம் ஆட்சியாண்டுல, அதாவது கி.பி. 987 வாக்குல, அனுப்பின உத்தரவு அந்தக் கல்வெட்டுல இருக்கு. பாண்டியன் தலைகொண்ட கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகள்னு சொல்லி வரிசையா பேர் வருது: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன். அதோட நிற்கல. அவங்க பிள்ளைகள், தாய்மார், பெரியப்பா சித்தப்பா, தாய்மாமன், பெண் கொடுத்தவங்க, பெண் எடுத்தவங்கன்னு உறவு முழுக்க வளைச்சு, எல்லாருடைய சொத்தையும் எடுத்துக்கச் சொல்லுது. சம்பந்தி பண்ணின ஒரே காரணத்துக்காக நிலத்தை இழந்த குடும்பங்களைப் பத்தி எந்த நாவலும் எழுதல.

இப்போ அந்தப் பட்டங்களைப் பாருங்க. ‘பிரமாதிராஜன்’ சோழ அரசு பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த உயர்ந்த பட்டம். அப்போ கொன்னது வெளியாள் இல்ல, அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்த ஆளுங்க. ‘பஞ்சவன்’னா பாண்டியன். அதை வெச்சுத்தான் ரவிதாசன் பாண்டியனுக்கு ரகசிய விசுவாசி, ஆதித்தன் வீரபாண்டியன் தலையை எடுத்ததுக்குப் பழி வாங்கினான்னு ஒரு வாதம் கிளம்புச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தோற்ற அரசனோட பேரைத் தன் ஆட்களுக்குச் சூட்டுறது சோழர் வழக்கம். ராஜராஜனோட ஒரு அரசிக்கே பஞ்சவன்மாதேவின்னு பேர். பட்டீஸ்வரம் பக்கத்துல அவங்க பள்ளிப்படைக் கோயில் இருக்கு. அவங்களையும் பாண்டிய உளவாளின்னு சொல்லிட முடியுமா? கூடவே, தம்பியோட பட்டத்துல சோழன் பேரே இருக்கு. பட்டத்தை வெச்சு ஒருத்தர் மனசுல யார் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கறது, டீ-ஷர்ட்ல இருக்கிற கம்பெனி லோகோவைப் பார்த்து அவருக்கு அந்தக் கம்பெனி மேல பாசம்னு முடிவு பண்ற மாதிரி.

அடுத்த சந்தேகம் உத்தம சோழன் மேல. இவர் செம்பியன் மாதேவியோட மகன், சுந்தர சோழனுக்கு ஒன்றுவிட்ட சகோதரர், ஆதித்தனுக்குச் சித்தப்பா முறை. ஆதித்தன் 970 வாக்குல இறந்த பிறகு பட்டத்துக்கு வந்தது இவர்தான், 985 வரைக்கும் ஆண்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துல சரித்திரப் பேராசிரியரா இருந்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இங்கேதான் கை வெச்சார். கொலையால லாபம் இவருக்கு. இவர் ஆண்ட பதினஞ்சு வருஷமும் கொலைகாரங்க சொத்து அப்படியே இருக்கு, ராஜராஜன் வந்த ரெண்டாவது வருஷமே கை வைக்கப்படுது. அப்போ உத்தமனுக்குப் பங்கு இருக்கணும்னு அவர் வாதம். டி.வி. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏத்துக்கல.

என் தொழில் புத்தி இங்கே குறுக்கே வருது. புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா லாக் ஃபைலைத்தான் முதல்ல பார்ப்போம். ஒரு வரி எப்போ பதிவாச்சுங்கறது ஒரு நேரம், அந்தச் சம்பவம் எப்போ நடந்ததுங்கறது வேற நேரம். உடையார்குடிக் கல்வெட்டு கொலை விசாரணை அறிக்கை இல்ல, சொத்து சம்பந்தமான ஆவணம். அந்த நிலம் கைமாறி அறக்கொடையா போன கதைக்காகத்தான் அது கல்லுல ஏறுச்சுன்னு குடவாயில் பாலசுப்ரமணியன் மறுவாசிப்பு செஞ்சிருக்கார். குற்றவாளிகள் எப்போ பிடிபட்டாங்க, என்ன தண்டனைன்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது. அதனால ‘உத்தமன் காலத்துல ஒண்ணுமே நடக்கல’ன்னு அதுல இருந்து சொல்லிட முடியாது.

இன்னொரு சாட்சி 1905ல கிடைச்ச திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜேந்திரன் காலத்துது. ஆதித்தன் மறைஞ்ச பிறகு மக்கள் அருள்மொழியை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, ஆளச் சொன்னாங்க. சித்தப்பாவுக்கு ஆசை இருக்கிற வரைக்கும் வேண்டாம்னு அவர் ஒதுங்கிட்டார்னு அது சொல்லுது. ஜெயிச்ச பரம்பரை தன்னைப் பத்தித் தானே எழுதினது, அதனால கொஞ்சம் உப்பு சேர்த்துத்தான் படிக்கணும். ‘ஆசை’ங்கற வார்த்தையில ஒரு குத்தல் இருக்கறதாகவும் எனக்குப் படுது. ஆனா கொலைகாரன்னு உத்தமனை அது எங்கேயும் காட்டிக் கொடுக்கல. காட்டிக் கொடுக்க நினைச்சிருந்தா அப்போ தடுக்க யாரும் இல்ல.

அதைவிட எனக்குப் பெருசா படறது, ராஜராஜன் நடந்துக்கிட்ட விதம். ஓரஸ்டஸ் ஏஜிஸ்தஸைக் கொன்னான். இங்கே? உத்தமனோட மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் அரசாங்கத்துலயே கோயில் நிர்வாகத்தை மேற்பார்வை பண்ற பெரிய பொறுப்புல இருந்தார். உத்தமனோட அம்மா செம்பியன் மாதேவி ராஜராஜன் காலத்துலயும் கோயில் திருப்பணி செஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க. அண்ணனைக் கொன்ற கூட்டத்தோட சம்பந்திகள் நிலத்தைக்கூட விடாத ஒரு ராஜா, சித்தப்பாதான் சூத்திரதாரின்னு நம்பியிருந்தா அவர் பையனை இப்படிப் பக்கத்துல வெச்சிருப்பாரா? ‘எதிரியைப் பக்கத்துலயே வெச்சுக்கற அரசியல் அது’ன்னு சொல்றவங்களும் உண்டு. அதுக்குக் கல்லுலயோ செம்புலயோ ஆதாரம் எதுவும் நான் பார்க்கல.

ஆனா சோமன் ஏன் கொன்னான்? அரசாங்க வேலை, பட்டம், நிலம் எல்லாம் இருந்த மூணு அண்ணன் தம்பி, ஒரு பட்டத்து இளவரசன் மேல கை வைக்கற அளவுக்கு எது தள்ளிச்சு? பாண்டியப் பாசமா, ஆதித்தன் அவங்களுக்கு ஏதாவது செஞ்சானா, இல்ல பின்னாடி வேற யாராவதா? கல்வெட்டு ‘துரோகிகள்’னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு நிலக் கணக்குக்குப் போயிடுது.