ராடு பிரேக்கும் அப்பாவின் கையும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. போன மாசம் அப்பாவுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல ராடு பிரேக் வச்ச ஹெர்குலிஸ்ல அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போய் வந்த மனுஷர். முதல் நாளே ஒரு நாய் குறுக்கே வந்தது. எப்பவும் போல ரெண்டு பிரேக்கையும் அமுக்கிப் பிடிச்சார், ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தார். முழங்கையில் நாலு தையல். "பிரேக் சரியில்லடா"ன்னார். பிரேக் ரொம்ப சரியா இருந்ததுதான் பிரச்சனை :-)

அப்பாவோட கையைப் பழக்கினதும் எங்க ஊர்தான். 1949ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸை ஆரம்பிச்சாங்க. 1951ல் இருந்து அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் வெளியே வர ஆரம்பிச்சது. பெயரும் டிசைனும் பர்மிங்ஹாம் சரக்கு. அம்பத்தூர்ல இருக்கிற சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரி கூட அந்த பிரிட்டிஷ் கம்பெனியின் தலைவர் பேர்ல வந்ததுதான். 1955ல் பக்கத்து ஆவடியில் குழாய் செய்ய டியூப் ப்ராடக்ட்ஸ் வந்தது. (அதே வருஷம் ஜனவரியில்தான் அதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம்னு தீர்மானம் போட்டது. ஊருக்கு யோகமான வருஷம்!)

அந்த வண்டியில் கேபிளே கிடையாது. லிவரை இழுத்தா இரும்புக் கம்பிகள் வழியா இழுவை போய், பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல உரசும். கம்பி லேசுல அறாது, ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் இருந்தா எந்த சைக்கிள் கடையிலும் சரி பண்ணிடலாம். பால் கேன், சிலிண்டர், அரிசி மூட்டைன்னு ஏத்தின நாட்டுக்கு இது தோது. அதனாலதான் பல பத்தாண்டுகள் மாறாம நின்னுச்சுன்னு நினைக்கிறேன். ஆனா மழையில் நனைஞ்ச இரும்பு ரிம்ல கட்டை வழுக்கும். ஓட்டுறவர் முன்கூட்டியே, முழு பலத்தோட பிடிக்கணும். ஐம்பதடி தள்ளி நிக்கணும்னா இங்கேயே ஆரம்பிக்கணும். கை அப்படித்தான் கத்துக்கிச்சு.

தொண்ணூறுகளில் பசங்க எல்லாம் தடி டயர், கேபிள் பிரேக் எம்.டி.பி.க்கு மாறினாங்க. 1996ல் ஜப்பானின் ஷிமானோ 'வி-பிரேக்' கொண்டு வந்தது. கை நீளமா இருக்கிறதால நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். லேசா இழுத்தாலே ரிம்மை ரெண்டு பக்கமும் கவ்வும். அப்பா விழுந்தது இதே ரக பிரேக்கில்தான். ராடு பிரேக்குக்குக் கொடுக்கிற பலத்தை இதுக்குக் கொடுத்தா என்ன ஆகும்? நாலு தையல் ஆகும்.

நக்கலடிக்கிற எனக்கும் கிடைச்சது. அவரோட பழைய ஹெர்குலிஸை எடுத்துப் பார்த்தேன். கேட் கிட்ட நிக்க வேண்டியவன், எதிர் வீட்டு கோலத்தைத் தாண்டிச் சுவத்துல முட்டித்தான் நின்னேன். அம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே...

அப்பா இப்போ ரெண்டே விரலால் பிடிச்சுப் பழகிட்டு இருக்கார். கியரை மட்டும் இன்னும் தொடவே இல்லை.