இருகுரற் கவி: சம்மாந்துறையும் ஸ்கொத்லாந்தும்

ஈழநாட்டின் கீழ்கரையிலே, கல்முனைக்குத் தென்மேற்கே, பரந்த நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ளது சம்மாந்துறை. சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்தடைந்த துறையாதலின் சம்பான்துறை எனப் பெயர்பெற்று, அது பின்னர்ச் சம்மாந்துறை எனத் திரிந்தது என்பர். மரக்கலங்கள் மறைந்தபின் அவ்வூரை வளர்த்தது நெல்லே. அந்நெல்லோடு உடன்வளர்ந்தது தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் வாய்மொழிச் செல்வமாகிய கவி.

கவி என்பது நான்கு சிறு அடிகளால் ஆனது. பாடியவர் பெயர் அறியப்படாதது. போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை என அடுக்கடுக்காய் அமைந்த வேளாண்மை வாழ்வில், ஏட்டறிவு இல்லாத ஆணும் பெண்ணும் தம் உள்ளத்தைத் தாமே வெளியிட்டுக்கொண்ட கருவி அது. காவற்பரணில் விழித்திருப்பவன் ஒருவன் பாட, அயல்வயற் பரணிலிருந்து மற்றொருவன் மறுமொழி பாடுவான். மச்சான் வினவ மச்சி விடையிறுப்பாள். தாய் கடிய மகள் எதிருரைப்பாள். வாப்பா, உம்மா என்னும் இல்லச் சொற்களும், அல்லாஹ்வை முன்னிட்டு இடும் ஆணையும் மட்டக்களப்புத் தமிழோடு இவற்றிலே இரண்டறக் கலந்து கிடக்கும். இவ்வாறு கவியின் இயல்பு இருகுரலிலே தங்கியுள்ளது. ஒரு கவி தனித்து நிற்கும்போது அது பாதி உரையாடலே ஆகும்.

இவ்வியல்பை நன்கு விளங்கிக்கொள்ளத் தொலைவிலுள்ள ஸ்கொத்லாந்து துணைபுரிகின்றது. அந்நாட்டு மலைப்புறத்தார் காற்றுப்பை பொருந்திய குழலிசையிற் பெயர்பெற்றவர். ஸ்கை என்னும் தீவிலே மக்கிரிமன் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மக்லௌட் குலத்தலைவர்க்குக் குழலிசைத்தனர். அவ்விசை நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படவில்லை. நம்மவர் மத்தளச் சொற்கட்டுகளை வாயாற் சொல்லிப் பயிற்றுவதுபோல, ஆசிரியர் ஒலிக்குறிகளைப் பாடிக்காட்ட மாணவர் கேட்டுப் பயின்றனர். மேற்றிசைத் தீவுகளிலே பெண்கள் ஒரு பலகையைச் சூழ்ந்திருந்து, நனைந்த கம்பளித்துணியை அடித்துத் தடிப்பாக்கினர். அப்போது ஒருத்தி அடியெடுத்துப் பாட மற்றையோர் ஒருங்கே ஏற்றுப் பாடினர். ஆலைகள் அத்தொழிலைக் கைக்கொள்ளவே, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பாடல் தன் இருப்பிடத்தை இழந்தது.

பாடல்களைக் காக்க முற்பட்டோர் அங்கும் பலர். வால்ற்றர் ஸ்கொற் என்னும் புலவர் எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டி 1802, 1803ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பாடல் வழங்கியவர்களுள் ஒருவர், ஜேம்ஸ் ஹொக் என்னும் கவிஞரின் தாயார். அவை பாடுதற்கு ஏற்பட்டவை, படித்தற்கு ஏற்பட்டவையல்ல என்றும், அச்சிலேற்றியதால் அவை கெட்டன என்றும் அம்மூதாட்டி ஸ்கொற்றை நேரிற் கடிந்ததாக ஹொக் எழுதியுள்ளார். அக்கடிந்துரையின் உண்மையைப் பிற்காலத்தார் உணர்ந்தனர். 1951இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஸ்கொத்லாந்தியக் கல்விக்கெனத் தனிநிறுவனம் ஒன்று தோன்றியது. அதன் ஆய்வாளர்கள் ஒலிப்பதிவு நாடாவோடு ஊர்தோறும் சென்று குரலையே சேமித்தனர். அடுத்த பதின்மங்களில் இளைஞர் பலர் பழம்பாடல்களை மேடைக்குக் கொணர்ந்தனர். றோய் வில்லியம்சன், றொனி பிறவுன் என்னும் இருவர் 1966 முதல் கொறீஸ் என்னும் பெயரில் இணைந்து பாடி, மறதியில் ஆழ்ந்த பாடல்களை மக்கள் நாவில் மீண்டும் ஏற்றினர்.

இனிச் சம்மாந்துறையை நோக்குவோம். பட்டிப்பளை ஆற்றை மறித்த கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கப்பெற்றது. அம்பாறை 1961இல் தனி மாவட்டமாயிற்று. எருமைகள் சூடு மிதித்த களத்தில் உழவு இயந்திரம் புகுந்தது; பின்னர் அறுத்தலையும் அடித்தலையும் ஒருங்கே செய்யும் பொறியும் வந்தது. உழைப்பாளியின் முதுகு இளைப்பாறியது நன்றே. ஆயினும் பலர் கூடியிருந்து செய்த வேலை அகலவே, வினாவும் விடையுமாய் எழுந்த குரல்களும் அகன்றன. பொறியின் இரைச்சலுக்கு மறுமொழி பாடுவார் யாருமிலர்.

கீழ்கரையின் பாடல்களைத் தொகுத்தோர் இல்லாமற் போகவில்லை. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ அப்பகுதியின் வாழ்வையும் வழக்கையும் பேணியது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களின் கவிகளை அரிதின் முயன்று திரட்டினார். இவர்தம் தொண்டின்றேல் பெருஞ்செல்வம் மண்ணோடு மண்ணாயிருக்கும். எனினும் அச்சுத்தாளின் எல்லை அச்சுத்தாளுக்கு உண்டு. சொல்லை அது காக்கும், இராகத்தை எடுத்துரைக்காது. வினாக்கவி ஒரு பக்கத்திலும் விடைக்கவி வேறொரு பக்கத்திலும் நிற்குமாயின், இணைந்திருந்த குரல்கள் நூலுக்குள்ளேயே பிரிந்துவிடும். ஹொக்கின் தாயார் கூறிய குறை இங்கும் பொருந்துவதே.

சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் இயல்பைப் பழந்தமிழ் நூற்சான்றுகளாலும் இசைக் கணக்காலும் ஆராய்ந்து, 1947இல் ‘யாழ்நூல்’ கண்டார். கேட்போரற்றுப்போன இசை ஒன்றை மீட்க, அப்பேரறிஞர்க்கும் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. கவியின் நிலை அத்துணை இடருடையதன்று. அதனைப் பாட அறிந்த முதியோர் இன்னும் வாழ்கின்றனர். வினவுவோரையும் விடையிறுப்போரையும் ஒருங்கே இருத்தி, எவ்வேலையின்போது எவ்விராகத்திற் பாடினர் என்பதைக் கேட்டு, இருவர் குரலையும் பதிவுசெய்தல் மாணவர்க்கும் இயலும். அதன்பின் இளையோர் இருவர் அக்கவியை எதிரெதிர் நின்று பாடிப் பழகுதல் வேண்டும். பதிவு செய்தலும் பாடிப் பழகுதலும் கூடிய வழியே ஸ்கொத்லாந்தியர் கண்ட வழி. யாழுக்கு நேர்ந்தது கவிக்கும் நேராவண்ணம் காக்கும் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.