பெயர் பொறிக்காத நினைவுச் சின்னம்

உதகையின் பழங்கட்டடங்களைக் குழுவாகச் சுற்றி வரும் நம்மை முதலில் எதிர்கொள்ளும் பெயர் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் ஆட்சியராயிருந்த அவர், தோடர்களிடம் நிலம் பெற்று 1822இல் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். அது இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1830இல் அர்ப்பணிக்கப்பெற்ற புனித ஸ்டீபன் ஆலயத்தின் முதன்மை உத்தரமோ, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்தது. அவ்வாலயக் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் துயில்கின்றனர். வென்றவரின் துயரத்துக்கும் கல்லில் இடமுண்டு.

அங்கிருந்து கூடலூர்ப் பக்கம் இறங்கினால் தேயிலைச் சரிவுகள். அவற்றை நாம் இயற்கைக் காட்சியென்றே படமெடுத்துக்கொள்கிறோம். ஆனால் அவற்றுள் பல, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கைத் தோட்டங்களை விட்டுவந்த தமிழர்க்கு வேலை தரவென்று, 1968 முதல் அரசு உருவாக்கியவை. அத்தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022இல் ஆணை பிறந்தது. காடு மீள்வது நன்றே. எனினும், கடல் கடந்து சென்று மீண்ட ஒரு மக்கள்திரளுக்கு இம்மலையில் இருக்கும் நினைவுச் சின்னம் அவர்கள் நட்ட செடிகளே. கல்லறைகளின் முன் நின்ற நாம், அச்சரிவுகளின் முன்னும் சற்று நிற்கத்தான் வேண்டும்.