ஒரு தீ, மூன்று வேலை

இங்கிலாந்துப் பழைய வீடுகளில் 'ஆகா' என்று ஒரு கனத்த இரும்பு அடுப்பு உண்டு. 1922ல் ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டாலேன் வடிவமைத்தது (மனிதர் இயற்பியலில் நோபல் வாங்கியவர்). நிலக்கரி போட்டால் சமையலும் ஆகும், வீடும் கதகதப்பாகும். அந்த வகை அடுப்புகள் சிலவற்றில் வெந்நீரும் உண்டு.

நமக்கு இது புதிதா என்ன? நம்ம ஊர் கொடியடுப்பு அதன் அக்காதான். முன்வாயில் உலை கொதிக்கும். உள்வழியாகப் பக்கத்து வாய்க்குப் போகிற அனலில் வெந்நீர் சுடும்.

மைசூருக்கு மாற்றலாகி வந்தபிறகு பார்த்தால், இங்கே பழைய வீடுகளில் வெந்நீருக்குக் குளியலறையிலேயே தனி அடுப்பு. மேலே செப்பு அண்டா, கன்னடத்தில் ஹண்டே. கீழே தென்னை மட்டை, சிரட்டை. அடுப்பை இவர்கள் 'ஒலெ' என்கிறார்கள், நாம் 'உலை' வைக்கிறோம். ஒரே குடும்பம்தானே :-)

எல்லாவற்றிலும் ஒரே தொல்லை, புகை. தஞ்சாவூரில் பிறந்த ஆடிட்டர் ஜே.சி.குமரப்பா வழிநடத்திய கிராமத் தொழில் சங்கம் இயங்கிய வார்தா மகன்வாடியில் 1940களிலேயே புகைபோக்கி வைத்த 'மகன் சூலா' வந்துவிட்டது. 1950களில் ஹைதராபாத்தில் எஸ்.பி.ராஜு இன்னொன்று செய்தார்.

எனக்குப் பிடித்தது பெங்களூர் சரக்கு. இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என்.ரெட்டி 1974ல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு, 1980களில் மூன்று பாத்திர 'அஸ்த்ரா ஒலெ'யைக் கொண்டுவந்தது. அடியில் காற்றுக்குக் கம்பித்தட்டு, மூடிய தீயறை. பாத்திரங்கள் அடுப்புக்குள் இறங்கி உட்காரும். அனல் ஒவ்வொன்றின் அடியையும் உரசிக்கொண்டு போய்க் கடைசியில்தான் புகைபோக்கி ஏறும். மூன்று கல் அடுப்பில் விறகுச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனாலே அதிகம். இதில் சோதனைக்கூடத்தில் 40 சதவீதம் வரை கிடைத்தது. ஒரு சங்கடம், வாய் சிறியது, விறகைப் பொடிசாக வெட்டவேண்டும். வெட்டுவது யார்? வீட்டுப் பெண்தான்.

1983ல் மத்திய அரசு இதுபோன்ற அடுப்புகளை நாடெங்கும் பரப்பக் கிளம்பியது. 2002ல் திட்டத்தைக் கைவிடும்போது கணக்கில் 3 கோடிக்கு மேல் அடுப்புகள். வங்கிக்காரனுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். பட்டுவாடாவை மட்டும் மேலிடத்துக்கு எழுதி, வசூலைப் பற்றி யாரும் வாய் திறக்காத கடன் திட்டம் மாதிரி! கரி அடைத்த புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆளில்லை, விரிசல் விட்டால் பூச ஆளில்லை.

2016ல் உஜ்வலா வந்து ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் போனது. ஆனாலும் ஹண்டே அடுப்பு அணையவில்லை. சிலிண்டருக்குக் காசு வேண்டும், தோட்டத்து மட்டைக்கு வேண்டாம். அடுப்படியில் புகை குறைந்த வீட்டிலும், விடிகாலையில் குளியலறையில் உட்கார்ந்து ஊதுகிறவர் அநேகமாக அதே பெண்மணிதான்.